அவள் இல்லாத படங்கள்

மூன்று நெகட்டிவ் கீற்றுகளில் ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை இருந்தது.

எலி கடித்திருக்கும் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தால் ஓட்டை சதுரமாக, ஓரமெல்லாம் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. ஒரு முழுப் படத்தை யாரோ பிளேடால் அறுத்து எடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அந்த அலமாரியைத் திறக்கிற உரிமை இந்த வீட்டில் ஒருவருக்குத்தான் இருந்தது. நெகட்டிவில் விரல் ரேகை பட்டாலே வீட்டை இரண்டாக்கிவிடுகிற மனிதர், மூன்று இடத்தில் பிளேடு போட்டிருக்கிறார்.

அவள் கணவர் போய் மூன்று மாதம் ஆகிறது. பழைய கேமரா வாங்குகிறவர் நாளைக் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். மகள்தான் பேசி ஏற்பாடு செய்திருந்தாள். அதற்காகத்தான் எல்லாவற்றையும் மேசையில் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் அந்த ஜப்பான் கேமரா. செங்கல் கனம். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேலே உள்ளது பார்க்க, கீழே உள்ளது எடுக்க. தலையில் இருக்கும் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் கண்ணாடியில் அறை இடம் வலம் மாறித் தெரியும். அதைச் சுற்றி ஜோடி ஜோடியாக வேறு லென்ஸ்கள், அவற்றுக்கான உருண்டைத் தோல் பெட்டிகள், சாவி கொடுத்தால் பத்து விநாடி கழித்துத் தானே பட்டனை அழுத்தும் ஒரு குட்டி டைமர். தன் நகைகளைக்கூட அவள் இவ்வளவு பதவிசாகத் துடைத்ததில்லை.

ஒவ்வொரு சுருளுக்கும் அவர் நோட்டில் கணக்காக எழுதி வைத்திருந்தார். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். ஒவ்வொன்றுக்கும் எண், என்ன படம், எவ்வளவு வெளிச்சம். ஓட்டை விழுந்த மூன்று இடத்திலும் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: அவள்.

தேதிகளைப் பார்த்தாள். கல்யாணமாகி ஒரு மாதம். மகளின் முதல் பிறந்தநாள். இந்த வீட்டுக்குக் குடிவந்த நாள். அதற்குப் பிறகு நோட்டில் அவள் இல்லை. முப்பத்தோரு வருஷம் ஒரு ஃபோட்டோக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள், வீட்டில் மாட்ட ஒரு படம் இல்லாதவள். "தள்ளு, படத்துல விழுற" என்று காக்கையை விரட்டுவதுபோல் கையை ஆட்டுவார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டு வரிசையாக நிற்கும்போது அவர்களுடைய பைகளைச் சுமந்துகொண்டு கேமராவுக்குப் பின்னால் நிற்பாள். பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டியிருந்தபோது எதிர்த்தெரு ஸ்டுடியோவுக்கு அனுப்பினார். அந்த ஸ்டுடியோக்காரன் அவளைப் பார்த்த பார்வை இன்றைக்கும் சுடுகிறது.

இவ்வளவும் போதாதென்று, எடுத்த அந்த மூன்றையும் உட்கார்ந்து அறுத்திருக்கிறார்.

ஃபோனில் மகளிடம் சொன்னாள். மகள் அலுவலகத்தில் இருந்தாள். பின்னணியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் சின்னப் புள்ளையா இருந்தப்பவே கேட்டிருக்கேம்மா, அம்மா ஏன் ஒரு படத்துலயும் இல்லைன்னு. 'இதுல வந்தா அவ நல்லா இருக்க மாட்டா'ன்னார். விடும்மா. செத்தவரோட என்ன சண்டை?"

நல்லா இருக்க மாட்டா. ஃபோனை வைத்துவிட்டு அவள் அந்தக் கேமராவைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்து, முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் அவர் விட்டுப்போன கறுப்பு வெள்ளைச் சுருளில் ஒன்றை எடுத்தாள்.

மத்தியானம் இரண்டு மணி. தெருவில் ஆளரவமில்லை. கூடத்தில் ஸ்டாண்டை நிறுத்தி, அவருடைய பிரம்பு நாற்காலியை அதற்கு நேரே இழுத்துப் போட்டாள். கல்யாணமான புதிதில் எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார். சுருள் மாட்டுவது, கழுவுவது, எல்லாம். ஒருநாள் திடீரென்று அவளைப் படம் கழுவுகிற குளியலறைக்கு வெளியே நிறுத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று அன்றைக்கு முழுக்க அழுதாள். கை எதையும் மறந்திருக்கவில்லை. டைமருக்குச் சாவி கொடுத்துவிட்டு வந்து அவர் நாற்காலியில், அவர் உட்காருகிற மாதிரியே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். டைமர் வண்டுபோல முரளும் அந்தப் பத்து விநாடியில் கீழ் லென்ஸைப் பார்த்து மனதுக்குள் சொன்னாள்: இப்போ அறு பார்க்கலாம்.

நாலாவது படத்துக்குச் சுருளை நகர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தபோது நாற்காலி சூடாக இருந்தது.

தன் உடம்புச் சூடுதான் என்று நினைத்தாள். ஆனால் ஆறாவது, ஏழாவது என்று போகப்போக, எழுந்து நாலெட்டு நடந்து கேமராவின் கைப்பிடியைச் சுற்றிவிட்டுத் திரும்புவதற்குள் ஆறியிருக்க வேண்டிய பிரம்பு, யாரோ மத்தியானமெல்லாம் சாய்ந்து தூங்கி எழுந்ததுபோல் வெதுவெதுப்பாக அவளை வாங்கிக்கொண்டது. அவளுக்கோ விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, ஈரத்துணியைச் சுற்றியதுபோல் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. குனிந்து கண்ணாடியில் பார்த்தாள். காலி நாற்காலி. சுவர். வாசல் நிலை. வேறொன்றுமில்லை. பாதியில் நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. அவருக்குப் பயந்து நிறுத்தியதெல்லாம் போதும் என்று பன்னிரண்டையும் எடுத்து முடித்தாள்.

குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. கதவடியில் துண்டைச் செருகி விளக்கை அணைத்ததும் வெளியில் வெயில் இருப்பதே பொய்போல ஆகிவிட்டது. சுருளின் முதுகுக் காகிதம் உரியும் சத்தம். மருந்தின் புளிப்பு நெடி. படச்சுருள் சக்கரத்தில் ஏறாமல் இரண்டு தடவை மடங்கியது. மூன்றாவது தடவை, மறுமுனையை யாரோ இதமாகப் பிடித்துக் கொடுத்ததுபோல், ஒரே வழுக்கில் ஏறியது. சக்கரத்தைக் கழுவும் டப்பாவில் போட்டு மூடி விளக்கைப் போட்டபோது அவள் மட்டும்தான் இருந்தாள். மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றி, கொட்டி, கடைசியில் குழாயைத் திறந்து டப்பாவை அதன் கீழே வைத்துவிட்டு, படத்தைத் தொங்கவிடக் கவ்வி தேடிக் கூடத்துக்கு வந்தாள்.

மேசையில் இருந்த தோல் பெட்டிகளைத் திறந்து பார்த்தாள். மூன்றாவது பெட்டியில் லென்ஸ் இல்லை. மெல்லிய காகிதத்தில் சுருட்டிய மூன்று சதுரங்கள் இருந்தன.

தூக்கி எறியவில்லையா?

ஜன்னலில் பிடித்தாள். முதல் சதுரத்தில் அவள், கல்யாணமான புதிதில். நெகட்டிவ் என்பதால் எல்லாம் தலைகீழ்: தலைமுடி வெள்ளை, சிரிக்கும் பல் கறுப்பு. பின்னால், தூரத்தில், வாசல் நிலையருகே இன்னொருத்தி நின்றாள். அவள் மட்டும் தலைகீழாக இல்லை. கழுவி அச்சுப் போட்ட படம்போல முடி கறுப்பாக, பல் வெள்ளையாக. அவளுக்கும் இவள் முகம்.

இரண்டாவதில் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தாள். அது இரண்டடிப் பின்னால் நின்றது.

மூன்றாவதில் அதன் விரல்கள் அவள் தோளில் இருந்தன.

நாலாவது இல்லை. நாலாவதை அவர் எடுக்கவே இல்லை. இருபத்தொன்பது வருஷம் கையை ஆட்டி ஆட்டி விரட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். நல்லா இருக்க மாட்டா என்று அவர் சொன்னது அழகைப் பற்றி இல்லை. அவளுக்கு முதலில் வந்தது பயம்கூட அல்ல, ஆத்திரம்தான். சொல்லியிருக்கலாமே. ஒரு தடவை, கிட்ட உட்காரவைத்து, வாய் திறந்து சொல்லியிருக்கலாமே. வாழ்நாளெல்லாம் அவரை வெறுக்கவிட்டு வேடிக்கை பார்த்தாரே.

ஒரு படத்துக்கு ஓர் அடி அது கிட்ட வந்திருக்கிறது. இன்றைக்கு அவள் பன்னிரண்டு கொடுத்திருக்கிறாள்.

குளியலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

அவள் மூடவில்லை.

போகக்கூடாது என்று தெரிந்தும் கால் போயிற்று. டப்பா திறந்திருந்தது. படச்சுருள் கொடிக்கயிற்றில் தொங்கியது, சொட்டுச் சொட்டாக. யாரோ பொறுமையாக நீரை வழித்துவிட்டு மாட்டியிருந்தார்கள். உள்ளே போய் விளக்கடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

ஒன்று. தோளில் கை.

மூன்று. குனிந்திருந்தது.

ஐந்து. கன்னத்தோடு கன்னம்.

எட்டு. நாற்காலியில் இருவர். அவள் ஒரு ஓரமாக, இடம் விட்டு.

பத்து. அவள் எழுந்திருந்தாள்.

பன்னிரண்டு. நாற்காலியில் ஒருத்தி, கால்மேல் கால் போட்டு. வெள்ளைப் பல் தெரியச் சிரிப்பு. பின்னால், வாசல் நிலையருகே, சின்னதாக, இன்னொருத்தி. வெள்ளை முடி. திறந்த வாய்க்குள் கறுத்த பல்.

கூடத்தில் பிரம்பு முனகியது. யாரோ எழுந்தார்கள்.

கதவைச் சாத்தத் தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டினாள். நீட்டிய உள்ளங்கை கரியாக இருந்தது, ரேகைகள் மட்டும் வெள்ளை வெள்ளையாக. வெள்ளை ஓடு பதித்த சுவர் கூரை வரைக்கும் கறுத்திருந்தது. மேலே, விளக்கு இருந்த இடத்தில், கறுப்பாக ஏதோ எரிந்துகொண்டிருந்தது.