விறகுக்கு அடியில் ஒரு கை!

"ஐயோ... கர்த்தாவே!"

1911. பாளையங்கோட்டை. பொழுது அப்போதுதான் வெளுத்திருந்தது.

அடுப்புக்கு விறகு எடுக்கப் போன சாலோமி, கொட்டகை வாசலிலேயே அலறினாள்.

சரிந்து கிடந்த விறகுக் குவியலுக்கு அடியில்...

ஒரு மனிதக் கை!

மாடியிலிருந்து அவள் கணவன் நேசையா பாய்ந்து இறங்கினான். கோர்ட்டு குமாஸ்தா. இந்த மாடிக்கு இருவரும் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

விறகை விலக்கினான்.

வீட்டுக்காரர் ஞானசிகாமணி!

அலறல் கேட்டு, இரவு ரோந்து முடிந்து வந்த எதிர்வீட்டு ஏட்டு பூதத்தான் ஓடிவந்தார்.

"நேத்து இவருகூட நீரு சண்டை போட்டீரே, தெருவே கேட்டுச்சே வே!"

நேசையா எழுந்து கும்பிட்டான்.

"ஆமா ஏட்டையா... தண்ணி, விறகு, சீமெண்ணெய் எல்லாம் வாடகையிலயே அடக்கம்னு சொல்லித்தான் குடிவச்சாரு. ஆனா எங்களுக்குன்னு அடுக்குத விறகு தெனமும் கொறையுது! கேட்டா, 'நீதாம்லே வித்துத் திங்க, வீட்டைக் காலி பண்ணு'ங்காரு. இவ மாசமா இருக்கா... நான் எங்க போவேன்?"

"அதனால போட்டுத் தள்ளிட்டீரு!"

"இல்ல ஏட்டையா!"

"கையை நீட்டும்."

விலங்கு மணிக்கட்டைத் தொட்டது. சாலோமி ஓவென்று அழுதாள்.

அந்த நொடி...

பிணம் தும்மியது!

ஏட்டு துள்ளிக் குதித்து நேசையாவையே கட்டிக்கொண்டார்.

"ஆ... ஆவி!"

"ஆவி இல்ல ஏட்டையா, உசுரு இருக்கு!"

இருவரும் ஞானசிகாமணியைத் தூக்கி உட்காரவைத்தார்கள். அவருக்கு அடியில்... கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய விறகுக்கட்டு!

ஏட்டின் புருவம் ஏறியது.

"என்ன அண்ணாச்சி... சொந்த வீட்டுலயே களவா?"

"எல்லாம் அடக்கம்னு வாய் தவறிச் சொல்லிட்டேன்... மனசு தாங்கல. அதான் கொஞ்சங்கொஞ்சமா எடுத்து வெறகுக் கடைக்குப் போட்டேன்..." அவர் முனகினார். "குனிஞ்சு கட்டுதேன், பின்னாலேருந்து யாரோ மண்டையில..."

"யாரு?"

"நாந்தான்!"

வாசலில் அவர் மனைவி சாரம்மாள். மூச்சிரைத்தது. கையில் உலக்கை.

"பிள்ளைத்தாச்சி அழுதது எனக்குப் பொறுக்கல ஏட்டையா. கள்ளனைப் பிடிக்கணும்னு ஒளிஞ்சு நின்னேன். முக்காடு போட்டு ஒருத்தன் விறகு கட்டுதான். ஒரே போடு! வெறகும் அவன் மேல சரிஞ்சிட்டு. உங்களைத் தேடி டேசனுக்கு ஓடுனா, நீங்க இங்கன நிக்கிய!"

அவள் சாலோமியின் கண்ணீரைத் துடைத்துவிட்டாள்.

"நீ எங்கயும் போவாண்டாம் தாயி. இது எங்கப்பா எனக்குக் குடுத்த வீடு."

விலங்கை இடுப்பில் செருகிக்கொண்ட ஏட்டு, ஞானசிகாமணியின் தலையைத் தடவிப் பார்த்தார்.

"ஒரே போடுங்கிய... வீக்கம் ரெண்டு இருக்கேம்மா?"

"மொத அடியில முக்காடு அவுந்துச்சு. மூஞ்சி தெரிஞ்சுச்சு..."

"ம்?"

"பொறவுதான் நல்லா ஓங்கிப் போட்டேன்!"