மடியில் முடிந்த பிலிம் சுருள்

டாக்டர் அப்துல் அஜீஸ் ஆபரேஷன் செய்வதை நிறுத்திவிட்டு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மகன் வீட்டோடு வந்து தங்கிவிட்டார். இப்போது அவர் கையில் கத்தி இல்லை. காலையில் தூரிகை, சாயங்காலம் கேமரா.

தூரிகை இன்னும் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வெண்ணாறு வளைந்து வளைந்து போவதை ஒருநாள் வரைந்தார். மருமகள் கமருன்னிஸா எட்டிப் பார்த்து, "குடல் நல்லா வந்திருக்கு மாமா" என்றாள்.

"அது ஆறும்மா."

"ஓ!" என்று அவள் உள்ளே போய்விட்டாள். பேத்தி லத்தீஃபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டே சில நாட்கள் ஆகியிருந்தன. டாக்டரின் மகன், அதாவது லத்தீஃபாவின் அத்தா, வேலைக்காக சவூதிக்குப் போய்விட்டார். ரயில் ஏறும்போது தாத்தா அவரைப் படம் எடுத்திருந்தார். அந்தப் படங்கள் இன்னும் கேமராவுக்குள்தான் இருந்தன. "சுருள் முடியட்டும், கழுவிடலாம்" என்று தாத்தா சொல்ல, அம்மா தினமும் கேட்பாள்: "முடிஞ்சிச்சா மாமா?"

ஞாயிற்றுக்கிழமை குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. நடவுப் படம் ஒன்று வரைய தாத்தாவுக்கு ஆசை. சேற்றில் உட்கார்ந்து வரைய முடியாது. முதலில் போட்டோ எடுத்துக்கொண்டு, வீட்டில் அதைப் பார்த்து வரையலாம் என்று லத்தீஃபாவையும் கூட்டிக்கொண்டு வரப்பில் போய் நின்றார். கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. க்ளிக். க்ளிக்.

நடுவில் குனிந்திருந்த பெண் நிமிர்ந்தாள். அவள் பெயர் காளியம்மாள். கையிலிருந்த நாற்றை அப்படியே போட்டுவிட்டு வரப்பில் ஏறினாள். மற்றப் பெண்களும் வேலையை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"சும்மாதாம்மா. படம் வரையறதுக்கு."

"சும்மாவா? போன அறுப்புல கூலி நெல்லு கூடக் கேட்டு வேலைய நிறுத்தினோம். அப்பவும் ஒருத்தர் இப்படித்தான் பொட்டியத் தூக்கிட்டு வந்தாரு. அந்தப் படத்த வெச்சிக்கிட்டு போலீசு வீடு வீடா ஏறி ஆளப் புடிச்சிச்சு. எம் புருசன் ஜெயில்ல கெடந்து வந்தாரு ஐயா."

தாத்தாவின் முகம் மாறிவிட்டது. "நான் டாக்டர்மா. பொய் சொல்ல மாட்டேன்."

"அவரும் நல்லவராட்டம்தான் பேசினாரு. நாங்க எளநி வேற வெட்டிக் குடுத்தோம்."

"ரெண்டு எளநி!" என்றாள் பின்னால் நின்ற வைரக்கண்ணு. அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. "பொட்டியத் தொறந்து வெயில்ல காட்டுங்க. வெயில் பட்டா படம் செத்துரும். எங்களுக்குத் தெரியும்."

"அதுல என் மகன் இருக்கான்மா" என்றார் தாத்தா.

"எங்களுக்கும்தான் மகன் இருக்கான்" என்றாள் காளியம்மாள்.

நாற்றுக் கட்டுகள் வெயிலில் கிடந்தன. கேமராவைத் திறந்தால் அத்தா போய்விடுவார். திறக்காவிட்டால் இவர்கள் ராத்திரி எப்படித் தூங்குவார்கள்? லத்தீஃபா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகு தாத்தாவின் சட்டையை இழுத்தாள். "தாத்தா, சுருளைத் திருப்பிச் சுத்தி வெளியே எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்களேன்."

தாத்தா கைப்பிடியைச் சுற்றி, சுருளை எடுத்து அதன் டப்பியில் போட்டார். லத்தீஃபா அதை வாங்கிக் காளியம்மாளிடம் நீட்டினாள்.

"அக்கா, இத நீங்களே வெச்சிக்கங்க. நடவு முடிஞ்சதும் டவுனுக்குப் போய்க் கழுவலாம். நீங்களும் கூட வாங்க. எல்லாப் படத்தையும் மொதல்ல நீங்க பாருங்க. வேணாங்கறதக் கிழிச்சிடுங்க."

காளியம்மாள் டப்பியை வாங்கவில்லை. "நான் இத வாய்க்கால்ல வீசிட்டா?"

"வீசினா எங்க அத்தாவும் அதோட போயிடுவாங்க. வீசாதீங்கக்கா" என்றாள் லத்தீஃபா.

காளியம்மாள் தாத்தாவைப் பார்த்தாள். தாத்தா சரி என்று தலையை ஆட்டினார். அவள் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, டப்பியை வாங்கி மடியில் முடிந்தாள். பெண்கள் மறுபடி வயலில் இறங்கினார்கள்.

வீட்டில் அம்மா பொரிந்து தள்ளினாள். "உங்க அத்தா படம்னு இருந்ததே அந்தச் சுருள்லதான்! அதையும் தூக்கிக் குடுத்துட்டு வந்தியா?" தாத்தா ஆற்றுப் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

நாட்கள் போயின. நடவு முடிந்து இரண்டாம் நாளும் காளியம்மாள் வரவில்லை. லத்தீஃபா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தாள். அம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலையில் வாசலில் காளியம்மாள் நின்றாள். தலையைப் படியச் சீவி, பூ வைத்து, வெளுத்த புடவை கட்டியிருந்தாள். "பஸ் வந்துரும். கெளம்புங்க" என்றாள்.

மீரா சாகிப்பின் ஸ்டுடியோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சுருள் இருட்டறைக்குள் போனதும் காளியம்மாள் அந்தக் கதவுக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

மதியத்துக்கு மேல் மீரா சாகிப் படங்களைக் கொண்டுவந்தார். அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. "டாக்டர், கேமராவுல ஏதும் கோளாறா?"

காளியம்மாள்தான் முதலில் வாங்கிப் பார்த்தாள். ஒரு படம். அடுத்த படம். அதற்கடுத்த படம். சட்டென்று சிரிக்கத் தொடங்கினாள்.

"ஐயா! ஒருத்திக்குக்கூடத் தலையே இல்லியே!"

உண்மைதான். நடவுப் படம் எல்லாவற்றிலும் கைகள். நாற்றைப் பிரிக்கும் கை, சேற்றுக்குள் புதையும் விரல். முகம் ஒன்றுகூட இல்லை.

தாத்தா அசடு வழிந்தார். "பழக்கம்மா. ஆபரேஷன்ல ஆளை முழுக்கத் துணி போட்டு மூடிடுவாங்க. வெட்டற இடம் மட்டும்தான் தெரியும். இத்தனை வருசமா அதையே பாத்துப் பாத்து..."

"இத வெச்சிக்கிட்டு போலீசு யாரைப் புடிக்கும்?" காளியம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒரு படத்தை உற்றுப் பார்த்தாள். "ஆனா எனக்குத் தெரியும். இந்தக் கோண வெரலு வைரக்கண்ணு. இது நான்."

லத்தீஃபா படங்களை எட்டிப் பார்த்தாள். அப்படியானால் அத்தா?

காளியம்மாளே தேடி எடுத்துக் கொடுத்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அத்தாவின் கை. அத்தாவின் பெட்டி. மறுபடியும் அத்தாவின் கை. லத்தீஃபாவின் கண் நிறைந்துவிட்டது.

"இரு பாப்பா, இன்னொண்ணு இருக்கு."

கடைசிப் படத்தில் அத்தாவின் முகம் இருந்தது. தாத்தா அப்போதும் கையைத்தான் குறி வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து ரயில் நகர்ந்துவிட்டது. முகம் கொஞ்சம் கலங்கியிருந்தது. சிரிப்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"ரயிலுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றாள் காளியம்மாள்.

அவள் எதையும் கிழிக்கவில்லை. கோண விரல் படத்தை மட்டும் வைரக்கண்ணுவிடம் காட்ட எடுத்துக்கொண்டாள். மிச்சத்தைத் தாத்தாவிடம் கொடுத்தாள். "வரைஞ்சிக்கங்க. இனிமே கேட்டுட்டு எடுங்க."

"கேக்கறேம்மா" என்றார் தாத்தா.

வெளியே வந்ததும் காளியம்மாள் நின்றாள். "எங்கிட்ட என் போட்டோன்னு ஒண்ணுகூட இல்ல. எடுக்கலாமா? ஐயா வேணாம். பாப்பா எடுக்கட்டும்."

மீரா சாகிப் புதுச் சுருளை மாட்டிக் கொடுத்தார். காளியம்மாள் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு விறைப்பாக நின்றாள். லத்தீஃபா கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

"தல தெரியுதா பாப்பா?"

"பூவோட சேத்துத் தெரியுதுக்கா. அசையாதீங்க!"

க்ளிக்.