சாலைக்குக் கீழே சித்தப்பா

செல்போன் அலறியது.

கோகிலவாணி எடுத்தாள். ஜே.சி.பி. ஓட்டும் ஜெபகுமார்.

"அக்கா, மழைநீர் கால்வாய்க்குத் தோண்டிகினு இருந்தேன். ரோட்டுக்கு அடியில எலும்பு கீதுக்கா... ஆள் எலும்பு."

"எந்த ரோடு?"

"சேலையூர், பூங்கொடி நகர் மெயின் ரோடு. உங்க கம்பெனி போட்டதுதான்."

அரை மணியில் போய்ச் சேர்ந்தாள்.

குழிக்குள் எலும்புக்கூடு. தொடை எலும்பில் ஒரு ஸ்டீல் ராடு...

அது யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பைக்கில் விழுந்து ராடு வைத்துக்கொண்டவர் சம்பத் சித்தப்பா. அப்பாவின் தம்பி.

நேற்றுதான் கம்பெனியின் பொன்விழா மலருக்கு எழுதியிருந்தாள். '1975-ல் தாத்தா ஸ்ரீரங்கன் ஒரே ஒரு ரோலருடன் தொடங்கினார். மூத்த மகன் ஜெயகிருஷ்ணன் பொறுப்பேற்றார். இளையவர் சம்பத் 2003-ல் துபாய் சென்றார்.'

நாலடி ஆழத்துக்குத்தான் சென்றிருந்தார்.

கோகிலவாணி போன் செய்து போலீசும் அப்பாவும் வந்தார்கள். ராடு யாருடையது என்று கேட்டுக்கொண்ட இன்ஸ்பெக்டர் டெபோரா அப்பாவிடம் திரும்பினாள்.

"உங்க ரோட்டுக்கு அடியில உங்க தம்பி. என்ன சார் சொல்றீங்க?"

ஜெயகிருஷ்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவனோ கொன்னு, அப்புறமா ரோட்டைத் தோண்டிப் புதைச்சிருக்கான் மேடம். பைப்பு, கேபிள்னு இதை எத்தனை பேர் தோண்டினாங்க..."

"2003-ல நீங்க ரோடு போட்டப்பவே உள்ள இருந்திருந்தா?"

"வாய்ப்பே இல்ல. ஒவ்வொரு அடியும் நான் கூடவே நின்னு போட்டது. எல்லா இடத்துலயும் ஒன்றரை அடி ஜல்லி, நாலு இன்ச் தார். அளந்து பாருங்க."

டெபோரா டேப்பை இறக்கினாள். குழியின் ஓரத்தில் அளவு சரியாக இருந்தது.

கோகிலவாணி கால்வாய்ப் பள்ளத்தின் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தாள். நின்றாள். காது மடல் சுட்டது.

காலேஜில் அவளுக்குப் 'பள்ளம்' என்று பட்டப்பெயர். அவள் குடும்பம் போட்ட ரோடுகள் வாங்கிக் கொடுத்த பெயர். அந்த ரோடுகள்தான் அவள் ஃபீஸும் கட்டின.

வாயைத் திறந்தால் ஐம்பது வருட மானம் போகும். மூடினால் சித்தப்பாவைக் கொன்றவன் தப்பிப்பான்.

"வாணி, நீ வீட்டுக்குப் போம்மா" என்றார் அப்பா.

"மேடம்..." கோகிலவாணி போகவில்லை. "தோண்டி மூடியிருந்தா தார்ல வெட்டின தழும்பு இருக்கும். இங்க இல்ல. சித்தப்பா மேலதான் ரோடு போட்டிருக்காங்க."

"நான் பாக்காத நேரத்துல லேபர் எவனாவது..."

"இந்தப் பக்கம் வந்து அளங்க மேடம். அரை அடி ஜல்லி. ஒரு இன்ச் தார். ரோடு முழுக்க இப்படித்தான். அவர் படுத்திருக்கிற இடத்துல மட்டும் முழு அளவு."

டெபோரா அளந்தாள். நிமிர்ந்தாள்.

"ஏன்?"

"பிணம் மக்கினா ரோடு உள்வாங்கும். மறுபடி தோண்டுவாங்க. அதுக்காகத்தான் கெட்டியா போட்டிருக்காங்க." அப்பாவைப் பார்க்க முடியவில்லை. தரையிடம் சொன்னாள். "உங்களைக் கேக்காம நம்ம கம்பெனியில யாராலப்பா ஒரு கூடை ஜல்லி அதிகமா கொட்ட முடியும்?"

ஜெயகிருஷ்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அளவு குறையுதுன்னு டிபார்ட்மென்ட்டுக்கு எழுதிப் போடுவேன்னான்... பிடிச்சுத் தள்ளினேன். ரோலர்ல தலை மோதிடுச்சு."

ஜெபகுமார் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

டெபோரா டேப்பைச் சுருட்டினாள்.

"ஐம்பது வருஷத்துல ஆறடி ரோடுதான் ஒழுங்கா போட்டிருக்கீங்க சார்... அதுக்குப் போய் கைது பண்ண வேண்டியதாயிருக்கு."