மணல்மேட்டில் இரண்டு வாக்குமூலங்கள்

காலை 6.10.

மலைப்பாதையின் ஐந்தாவது வளைவைத் தாண்டியதும், பிரேக் போன வண்டிகளுக்காகவே ஒதுக்கிவைத்திருக்கும் மணல்மேட்டில், ஒரு லாரி மூக்குவரை புதைந்து நின்றது. பின்கதவு திறந்துகொண்டதில் அதன் சரக்கான வெள்ளைக் கைகழுவும் தொட்டிகள் நாற்பதும் மணலெங்கும் கவிழ்ந்து கிடந்தன. தூரத்திலிருந்து பார்த்தால், ஏதோ பெயர் தெரியாத பெரிய பறவைகள் வந்து முட்டையிட்டுவிட்டுப் போனதுபோல இருந்தது.

யாருக்கும் காயமில்லை. சக்கரங்களிலிருந்து கருகிய நாற்றம் வந்துகொண்டிருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் ஓட்டினேன்!"

"சும்மா இருங்க மாமா. ஓட்டினது நான்!"

ஜீப்பிலிருந்து இறங்கிய விபத்து ஆய்வாளர் ஒரு கையால் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். பதினான்கு வருட வேலையில், நான் ஓட்டவில்லை என்று அடித்துக்கொண்டவர்களைத்தான் அந்த அம்மாள் பார்த்திருந்தார்.

மூத்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கம்பெனியில் எல்லோரும் அவரைப் பஞ்சு என்றுதான் கூப்பிட்டார்கள். இளையவன் அவருடைய மகளைக் கட்டியவன். ஒரே லாரியை இருவரும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் இருக்கைக்குப் பின்னாலிருக்கும் படுக்கையில் தூங்குவார்.

காலை 6.25.

ஆய்வாளர் வண்டிக்குள் ஏறினார். ஆட்டோமேட்டிக் லாரி. கியர் குச்சி L-இல் இருந்தது, அதாவது தாழ்ந்த கியரில். கால் வைக்கும் இடத்தில் இரண்டே பெடல்கள். இடதுபக்கம் ரப்பர் விரிப்பு சுருண்டு முன்பலகைக்கடியில் ஒடுங்கிக் கிடந்தது. விரிப்பு விலகிய தகரத்தில் புதிதாக ஒரு பூட்ஸ் தேய்ந்த தடம். அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

கீழே இறங்கி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். ஒரே உயரம். காலில் கம்பெனி கொடுத்த ஒரே மாதிரி பூட்ஸ்.

"நல்ல ஜோடிதான்" என்றார்.

காலை 7.05. சோதனைச் சாவடி. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. முதலில் மருமகன்.

"உச்சியை எத்தனை மணிக்குத் தாண்டினே?"

"அஞ்சரை இருக்கும் மேடம்."

"மாமா?"

"பின்னாடி தூங்கிட்டிருந்தார்."

"தாழ்ந்த கியருக்கு மாறவும்னு உச்சியில போர்டு இருக்கே. மாறினியா?"

அவன் மேசையைப் பார்த்தான். "மறந்துட்டேன். பிரேக் பிடிக்காம போனதும் நாலாவது வளைவுலதான் போட்டேன்."

"லைசென்ஸைக் காட்டு."

ஆட்டோமேட்டிக் வண்டிகள் மட்டும் என்று அதில் அச்சாகியிருந்தது.

"நான் கத்துக்கிட்டதே ஆட்டோமேட்டிக்லதான் மேடம். கிளட்ச் எப்படி இருக்கும்னுகூடத் தெரியாது."

"மலைப்பாதை அனுமதி வாங்கி?"

"ஆறு மாசம். இந்தக் கம்பெனியில சேர்ந்து மூணு வாரம்."

"முதல் வருஷத்துல விபத்துன்னா அனுமதி ஒரேயடியா ரத்து. அப்புறம் நீ இந்த வேலையையே மறந்துடணும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"வீட்ல யாரெல்லாம்?"

"மாமாவோட பொண்ணுதான். ஏழாவது மாசம்." குரல் கொஞ்சம் இறங்கியது. "ஓட்டினது நான்தான் மேடம்."

அடுத்து பஞ்சு. உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார்.

"முப்பத்தோரு வருஷத்துல பொய்யே சொன்னதில்லன்னு சொல்லமாட்டேன். ஆனா இது பொய்யில்ல. அவன் தூங்கினான். குறட்டை வேற."

"உச்சியில L போட்டீங்களா?"

"போடல. நாலாவது வளைவுல போட்டேன். வண்டி மதிக்கவே இல்ல. பிரேக்கை மிதிச்சா காத்தை மிதிச்ச மாதிரி இருந்துச்சு."

"ரெண்டு பேரும் ஒரே கதையைச் சொல்றீங்களே."

"நடந்ததை நான் அவன்கிட்டச் சொன்னேன். திருட்டுப்பய, அப்படியே மனப்பாடம் பண்ணிட்டான்."

காலை 9.30. முதலாளி வந்து சேர்ந்தார். மணலில் கிடந்த தொட்டிகளைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். ஆனால் பேச்சு வேறு விஷயத்தில் ஆரம்பித்தது.

"பஞ்சுவா? வாய்ப்பே இல்ல மேடம். இத்தனை வருஷத்துல ஒரு கீறல் கிடையாது. கண்ணாடி ஏத்தினாக்கூட அலுங்காம கொண்டுபோய்ச் சேர்ப்பார். பஞ்சுங்கற பேர் வந்ததே அதாலதான். இந்தப் புது வண்டி வந்து மூணு வாரம்தான் ஆச்சு, அதையும் பூ மாதிரி வச்சிருந்தார். மருமகனைக் காப்பாத்தப் பார்க்கறார், அவ்வளவுதான். பையன் பேர்லயே எழுதிடுங்க."

பஞ்சு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் நல்ல பெயர்மீதே அவருக்குக் கோபம் வந்தது.

பகல் பன்னிரண்டுக்கு அறிக்கை போயாக வேண்டும்.

காலை 11.10.

கிரேன் லாரியை இழுத்துச் சமதரையில் நிறுத்தியிருந்தது. எஞ்சின் அணைந்திருந்தது. சுருண்ட விரிப்பை ஆய்வாளர் இழுத்துச் சரியாகப் போட்டார். மருமகனை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, தான் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

"பையன் வேணுமா, பொண்ணு வேணுமா?"

"எதுவா இருந்தாலும் சரி மேடம், மாமா மூக்கு மட்டும் வந்துடக்..."

"நிறுத்து! முன்னால ஆளு!"

அவனுடைய வலதுகால் பிரேக்கில் பாய்ந்தது. இடதுகால் விரிப்பின்மேல், வெயிலில் தூங்கும் பூனையைப் போல, அசையாமல் கிடந்தது.

"இறங்கு. நீங்க வாங்க."

பஞ்சு ஏறினார். ஆய்வாளர் அவரிடம் மூக்கைப் பற்றி ஏதோ சொன்னார். அவர் சிரிக்க வாய் திறந்த நொடியில், மீண்டும் அதே கத்தல்.

இரண்டு கால்களும் பாய்ந்தன. இடது பூட்ஸ் வெற்றுத் தரையை ஓங்கி மிதித்து வழுக்கியது. விரிப்பு காலையில் இருந்ததுபோலவே சுருண்டு, முன்பலகைக்கடியில் போய் ஒடுங்கியது.

வெளியே படியில் நின்றிருந்த முதலாளி குனிந்து சுருண்ட விரிப்பை எட்டிப் பார்த்தார்.

"இப்பவாவது நம்பறீங்களா?" என்றார் பஞ்சு.

"ஓட்டினது நீங்கதான்" என்றார் ஆய்வாளர். "காலையில யாரோ, இல்லாத கிளட்ச்சை உயிரைக் கொடுத்து மிதிச்சிருந்தாங்க. ஆட்டோமேட்டிக்லயே கத்துக்கிட்டவனுக்கு இடதுகாலுக்கு வேலையே கிடையாது. எவ்வளவு பயந்தாலும் அது எழுந்திருக்காது."

"அப்ப L போட மறந்தது?" என்று முதலாளி கேட்டார். "இவர் போயா மறப்பார்?"

"அதுவும் அந்தக் காலாலதான். பழைய வண்டியில உச்சிக்கு வந்ததும் இவர் கால் கிளட்ச்சை மிதிக்கும், கை தன்னால ரெண்டாவது கியருக்குப் போகும். யோசிக்கவே வேண்டாம். இந்த வண்டியில மிதிக்க ஒண்ணுமில்ல. கால் கூப்பிடல, கை போகல. சாதாரணமா ஓட்டற D-லயே விட்டா, வேகம் கூடக்கூட வண்டி மேல் கியருக்குத்தான் ஏறும். எஞ்சின் பிடிச்சு வைக்காது. பாவம், பிரேக் ஒத்தை ஆளா எவ்வளவு நேரம் பிடிக்கும்? அது கருகினப்புறம் L போட்டா, அந்த வேகத்துல கியர்பெட்டி காதுலயே வாங்காது. இறங்கறதுக்கு முன்னாடி போட்டிருக்கணும்."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். "அவர் பேர்ல ஒரு கீறல் விழறதைப் பார்க்க முடியல மேடம்."

"பேர் என்னடா பேர்?" பஞ்சு அவன் தலையில் ஒரு தட்டு தட்டினார். "கீறல் விழுந்தா பெயிண்ட் அடிச்சுக்கலாம். உன் அனுமதி போச்சுன்னா எம்பொண்ணு என்னை வீட்டுக்குள்ள விடுவாளா?"

11.50-க்கு அறிக்கை கையெழுத்தானது. பஞ்சுவுக்கு இது முதல் விபத்து. மூன்று மாதம், ஆட்டோமேட்டிக்கில் முறையாகப் பயின்றவர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே மலையில் ஓட்டலாம்.

"அப்படி உங்க கம்பெனியில யார் இருக்கா?"

முதலாளி யோசித்தார். "இவன் ஒருத்தன்தான் மேடம்."

மருமகன் நெஞ்சை நிமிர்த்தினான். பஞ்சு வானத்தைப் பார்த்தார்.

மூன்று வாரம் கழித்து, பகல் 2.15.

உச்சியில் போர்டுக்குப் பக்கத்தில் அதே லாரி வந்து நின்றது. சோதனைக்கு வந்த ஆய்வாளர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கையில் பஞ்சு. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு மருமகன். இடதுபக்கம் வெறுமையாக இருந்த தரையில், தேய்ந்துபோன பழைய கிளட்ச் பெடல் ஒன்று போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது. அது வண்டியின் எந்த உறுப்போடும் சேரவில்லை.

"என்ன இது?"

"பழைய வண்டியிலேர்ந்து கழட்டினது மேடம்" என்றான் மருமகன். "மாமா காலுக்கு. அது சும்மா இருக்க மாட்டேங்குது."

ஆய்வாளர் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் எதையும் பார்க்கல" என்று சொல்லிவிட்டு விலகி நின்றார்.

"இப்பவா மாப்பிள?"

"இப்பவே மாமா."

பஞ்சு எதோடும் சேராத அந்தப் பெடலை அழுத்தினார். கை தன்னால் போய்க் குச்சியை L-க்குத் தள்ளியது. எஞ்சினின் குரல் தாழ்ந்து கனத்தது. மலையின் விரலைப் பிடித்துக்கொண்டு இறங்குவதுபோல, லாரி மெதுவாக முதல் வளைவுக்குள் இறங்கியது.