பொன்மலையின் கடைசிப் பங்குதாரர்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. கோப்பி ஆறினால் ஆறட்டும். இன்றைக்கு ஒரு பிணத்தோடு கதையைத் தொடங்கப் போகிறேன். பயப்படாதீர்கள்... நான் இருக்கிறேன்!

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கிடைத்து இரண்டாவது வருஷம். மலாக்கா, காஜா பெராங். அறிவொளிப் படிப்பக மண்டபம். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி.

ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. சுவரில் ஒரு வெள்ளை வேட்டி. வேட்டியின் மேல் வெளிச்சப் படம்.

"இதோ பாருங்க... போலிப் பங்குப் பத்திரம் இப்படித்தான் இருக்கும்!"

சொன்னவள் கமலவேணி. வயது இருபத்தெட்டு. கோலாலம்பூரில் கம்பெனிப் பதிவு இலாகாவில் வேலை. ஊர் ஊராகப் போய், 'பங்கு என்றால் என்ன, எவனிடம் ஏமாறக் கூடாது' என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வதுதான் உத்தியோகம். அந்தப் பிரிவில் மொத்தம் இரண்டே பேர். அவளும், வேன் டிரைவர் மருதமுத்துவும்.

திரையில் ஒரு மலை. மலைக்குப் பின்னால் சூரியன். சுற்றிலும் பூவேலை. 'பொன்மலை ஈயச் சுரங்கக் கம்பெனி. பங்கு ஒன்று.'

அடியில் ஒரு விரல் அகலத் துண்டில், சின்ன எழுத்தில் இருந்ததை அவள் உரக்கப் படித்தாள்: 'இது மாதிரி மட்டுமே. இப்படி ஒரு கம்பெனி உலகத்திலேயே கிடையாது.'

தொப்!

பின் வரிசையில் ஒருவர் நாற்காலியோடு சாய்ந்தார்.

"ஐயோ... பொன்னுதுரை செத்துட்டாரு!" என்று ஒரு பெண் அலறினாள்.

மருதமுத்து ஓடிப் போய் ஜன்னல்களைத் திறந்தான்.

"மிஸ்ஸி, உங்க பேச்சக் கேட்டு ஆளுங்க தூங்கிப் பாத்திருக்கேன்... செத்துப் பாத்ததில்ல!"

"வாய மூடு! தண்ணி கொண்டா!"

ஜாலான் பெண்டஹாரா தெரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதும் பொன்னுதுரை, தண்ணீர் பட்டதும் ஒரு கண்ணைத் திறந்தார். பனியனுக்குள் கையை விட்டார். மூன்று தாள்களை உருவினார்.

"அம்மா... அந்த அடிவரிய இன்னொரு தரம் படிங்க..."

கமலவேணி தாள்களைப் பார்த்தாள்.

மலை... சூரியன்... பூவேலை...

பொன்மலைப் பங்கு!

அந்த மலையை அவளே அல்லவா, தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வரைந்தாள்! இல்லாத கம்பெனிக்கு எப்படிப் பங்கு வந்தது? அதை எப்படி ஒருவர் பனியனுக்குள் வைத்துக் காக்கிறார்?

"இத எங்க வாங்குனீங்க?"

"பத்து வெள்ளிக்கு ஒண்ணு. மூணு வாங்குனேன்."

"யார்கிட்ட?"

பொன்னுதுரை திறந்த கண்ணையும் மூடிக்கொண்டார்.

அலறல் கேட்டுத் தெருவே உள்ளே வந்துவிட்டது. ஆப்பக் கடை பூங்காவனம் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒன்பது தாள் எடுத்தாள். வீட்டிலும் மலாயே பேசும் மலாக்கா சிட்டி சமூகத்து மீனாச்சி, நான்கு தாளை நீட்டி, மலாயில் "எப்போது லாபம் தருவார்கள்?" என்று கேட்டாள். இப்படியே சட்டைப் பையிலிருந்தும், குடை மடிப்பிலிருந்தும், ஒருவர் சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும்...

எத்தனை பொன்மலை!

"ஏம்மா தாயி," என்றாள் பூங்காவனம். "ஒன்பது பங்கும்மா. கடைக்குத் தகரக் கூரை போட வச்சிருந்த காசு. மழை பேஞ்சா ஆப்பச் சட்டில தண்ணி நிக்குது. இது பொய்யினு சொல்லிப்புடாத."

கமலவேணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வித்தது யாருன்னு சொல்லுங்க. காச வாங்கித் தரேன்."

"அது முடியாது."

"ஏன்?"

"பிள்ளையார் கோயில்ல கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணியிருக்கோம்ல! வித்தது யாருன்னு வெளிய சொல்ல மாட்டோம்னு. சொன்னா வெல ஏறிடுமாம், ஏழைபாழைக்குக் கெடைக்காதாம்."

கூட்டம் மொத்தமும் தலையாட்டியது.

கமலவேணி ஒரு தாளை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். படம் அதே படம். காகிதம் கூட இலாகாவின் காகிதம். ஆனால்... அடியில் ஒரு விரல் அகலம் இல்லை!

யாரோ கத்தரியால் அழகாக வெட்டியிருக்கிறார்கள்.

போன மாதம் அவள்தான் இருநூறு மாதிரித் தாள்கள் அச்சடித்தாள். கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கச் சொல்லி, இதே படிப்பகத்துக்கு வேனில் அனுப்பினாள். உலகத்தில் மொத்தமே அந்த இருநூறுதான்.

"செயலாளர் ஐயா, நான் அனுப்புன பார்சல் எங்க?"

படிப்பகச் செயலாளர் சேதுராமன் சால்வையைச் சரிசெய்துகொண்டார். நெற்றியில் பட்டை விபூதி. வாயில் தேன்.

"பார்சலா? என் கண்ணுல படலயேம்மா."

"உங்க கையிலதானய்யா குடுத்தேன்!" என்று எகிறினான் மருதமுத்து.

"கையெழுத்து வாங்குனியாப்பா?"

மருதமுத்து தலையைச் சொறிந்தான். "சிரிச்சுக்கிட்டே வாங்குனாரு மிஸ்ஸி. அதையே ரசீதுன்னு நெனச்சுட்டேன்."

கமலவேணியின் கண் வாசல் பலகைக்குப் போனது. அதில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது: 'இன்று மாலை, கொசு ஒழிப்புச் சொற்பொழிவு.'

பங்கு வாங்கியவர்கள் வந்துவிடக் கூடாதென்று செயலாளர் மாற்றி எழுதியிருக்கிறார்! அதனால்தான் கூட்டத்துக்குப் பதினோரு பேர்! பொன்னுதுரை கூட, மனைவிக்கு மலேரியா என்பதால் வந்தவர்.

யார் என்று புரிந்துவிட்டது. ஆனால் அத்தாட்சி?

அப்போது வாசலில் பூட்ஸ் சத்தம். இன்ஸ்பெக்டர் ஜெயபாலன்! முகம் கொதித்த எண்ணெய். ஒரு மோசடி வழக்குக்கு இவ்வளவு கோபமா என்று கமலவேணிக்கே ஆச்சரியம்.

"இத வரைஞ்சது யாரு?"

"நான்தான் சார். ஆனா..."

"அச்சடிச்சது?"

"எங்க இலாகா. ஆனா..."

"வித்தது யாருன்னு நான் வேற தேடணுமா? மிஸ் கமலவேணி, நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணி. அதுக்குள்ள ஆளக் காட்டுங்க. இல்லேன்னா உங்களத்தான் உள்ள வைப்பேன். வேலையும் போகும், பேரும் போகும்!"

"சார், இந்த செயலாளர..."

"அத்தாட்சி இருக்கா?"

இல்லையே!

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடிந்தது. ஜனங்களிடம் இருக்கிற தாள்கள்தான் அத்தாட்சி. அவை கிழிந்து போகக் கூடாது. காணாமல் போகக் கூடாது. வெயில் சாய்வதற்குள் வேனில் ஏறினாள். ஒலிபெருக்கியைப் பிடித்தாள்.

"பொதுமக்களே! பொன்மலைப் பங்கு வச்சிருக்கறவங்க அத யாருக்கும் விக்காதீங்க! கிழிக்காதீங்க! ஒவ்வொண்ணும் அரசாங்கத்துக்கு வேணும்! நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் படிப்பகத்துக்குக் கொண்டுவாங்க!"

காஜா பெராங் முழுக்க. பிறகு ஜாலான் பெண்டஹாரா வரை. தொண்டை கட்டும்வரை கத்தினாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை, கண்ணுகளா. அதுதான் வேடிக்கை!

மறுநாள் காலை எட்டு மணி. கோப்பிக் கடையிலிருந்து மருதமுத்து மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"மிஸ்ஸி! பசார்ல என்ன பேச்சு தெரியுமா? 'அரசாங்கமே விக்காதேங்குது, அப்போ உள்ள ஈயம் இருக்கு லா'ன்னு ஒருத்தன் சொன்னான். அடுத்த மேசைக்காரன், 'ஈயம் இல்லடா, தங்கம்'கறான். மூணாவது மேசையில கோடு போட்டு மலையவே காட்டுறாங்க!"

"எந்த மலைய?"

"பத்து பெரெண்டாம்னு ஊர் இருக்குல்ல, அந்தப் பக்கமாம். விமானத்துல போனா மின்னுதாம்!"

"ஐயோ, நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"வெல பத்துலேர்ந்து பதினஞ்சு ஆச்சு. இப்ப இருபது. யாரோ வாங்கித் தள்ளுறாங்க மிஸ்ஸி!"

கமலவேணி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆறு வருஷமாகத் தொண்டை கிழியப் பேசியிருக்கிறாள். ஒரு ஊர்கூட அவள் பேச்சைக் காதில் போட்டதில்லை. கேட்ட ஒரே நாளில் இப்படியா கேட்பார்கள்!

பத்து மணி.

படிப்பகம் நிரம்பி வழிந்தது. எல்லார் முகத்திலும் கல்யாணக் களை. எல்லார் கையும் காலி!

"பங்கெல்லாம் எங்க அக்கா?"

"வித்துட்டேனே!" என்று பூங்காவனம் பூரித்தாள். "ஒன்பதும் இருபது இருபதுன்னு போச்சு. தகரத்துக்கு ஆள் சொல்லிட்டேன். மிச்சத்துக்குப் புதுச் சட்டியும் வாங்கிட்டேன்!"

பொன்னுதுரை இன்று நேராக நின்றார். இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

அத்தாட்சி போச்சு! மொத்தமும் போச்சு!

இன்ஸ்பெக்டர் ஜெயபாலன் விலங்கை எடுத்தார்.

"பன்னெண்டு வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல போலிருக்கே. கைய நீட்டுங்க மிஸ் கமலவேணி."

அவள் கையை நீட்டினாள்.

அப்போது...

"வழி விடுங்க! வழி விடுங்க!"

கூட்டம் பிளந்தது. சேதுராமன்! புதுச் சால்வை. கக்கத்தில் ஒரு பெரிய காகிதக் கட்டு. நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்து, கட்டை மேஜைமேல் தொப்பென்று போட்டார்.

"பொன்மலையின் பெரிய பங்குதாரர் நான்தான்! வீட்ட அடமானம் வச்சு வாங்கியிருக்கேன். அரசாங்கம் என்ன வெல தருது? சொல்லுங்கம்மா!"

கூட்டம் மேஜையை நெருங்கியது.

கமலவேணி நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். கட்டைப் பிரித்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். வெட்டிய தாள்... வெட்டிய தாள்... வெட்டிய தாள்...

கடைசிப் பதின்மூன்றில் அவள் விரல் நின்றது.

"செயலாளர் ஐயா, இதெல்லாம் ஜனங்ககிட்ட வாங்கினதா?"

"ஆமா. ஒண்ணு விடாம!"

"அப்படின்னா இந்தப் பதின்மூணு தாள்ல மட்டும் அடித்துண்டு வெட்டாம இருக்கே. 'இப்படி ஒரு கம்பெனி உலகத்திலேயே கிடையாது'ன்னு தெளிவா எழுதியிருக்கு. இத உங்களுக்கு வித்த புண்ணியவான் யாரு?"

சேதுராமனின் விபூதி வியர்வையில் கரைந்தது.

"அது... அது விக்காம மிஞ்சுனது..." என்று வாய் தவறிச் சொன்னவர், உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"எங்களுக்கு வித்தது யாருன்னு நாங்க சொல்லல, பிள்ளையாரப்பா!" என்று பூங்காவனம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அவரே சொல்லிட்டாரு!"

"ஐயா, ஒரே ஒரு சந்தேகம்," என்றாள் கமலவேணி. "உங்க கையாலதான வெட்டுனீங்க? பொய்யின்னு ஊர்ல உங்களுக்கு மட்டும்தான தெரியும்? நீங்க ஏன் திரும்ப வாங்குனீங்க?"

சேதுராமன் விம்மிவிட்டார்.

"நானும் மொதல்ல நம்பலம்மா... ஆனா பசார்ல அத்தன பேரும் சொன்னாங்களே! விமானத்துலேர்ந்து மின்னுதுன்னு!"

விலங்கு கை மாறியது. மருதமுத்து விசிலடித்தான். மண்டபமே சிரித்தது.

ஆனால் கமலவேணி இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள். நெற்றி சுருங்கியது.

"சார்... இங்க நூத்தித் தொண்ணூத்தஞ்சுதான் இருக்கு. அச்சடிச்சது இருநூறு. அஞ்சு குறையுது."

"போகட்டும் விடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர் அவசரமாக.

"அதெப்படி சார்? யாரோ ஒருத்தர் இருபது வெள்ளி குடுத்தும் விக்காம வச்சிருக்காங்க. இன்னும் ஏமாந்துகிட்டிருக்காங்க. பாவம், அவருக்கு எடுத்துச் சொல்லணும்ல?"

இன்ஸ்பெக்டர் ஜெயபாலன் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

தொப்பிக்குள்ளே, நான்காக மடித்த ஐந்து தாள்கள்...

மலை! சூரியன்! பூவேலை!

"நேத்து நீங்கதான மைக்குல கத்துனீங்க, விக்காதேன்னு..." என்றார், குரல் கம்மிப் போய். "கோயில்ல நானும் கற்பூரத்த அணைச்சவன், வித்த ஆளச் சொல்ல முடியல. இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான் அரசாங்கம் சொன்னபடி கேட்டேன்!"

பூங்காவனம்தான் முதலில் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"கவலைப்படாதீங்க ஐயா. மத்த பங்கெல்லாம் கேசுக்குப் போயிடுச்சு. இனிமே பொன்மலைக்கு நீங்க ஒருத்தர்தான் மொதலாளி!"

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் எரியட்டும், கூரை ஒழுகாமல் இருக்கட்டும், பிள்ளை குட்டிகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். உங்கள் வாசலுக்கு லட்சுமி நடந்தே வரட்டும்... பத்து வெள்ளிக்குத் தருகிறேன் என்று யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் மட்டும், நாயை அவிழ்த்துவிடுங்கள்!