பன்னிரண்டு தப்படிக்குள்

போன் செத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மத்தியானம் போன மின்சாரம் இன்னும் வரவில்லை; மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது; சாப்பாட்டு மேசையில் போன் வெறும் கறுப்புக் கண்ணாடியாகக் கிடந்தது. ஆனால் அவள் மணிக்கட்டில் இருந்த கடிகாரம், தீப்பெட்டி அளவு திரையின் மூலையில், 'இணைப்பில் உள்ளது' என்றே காட்டிக்கொண்டிருந்தது.

பழைய கருவிகளைப் பற்றி ஒரு பத்திரிகையில் 'அப்போது புதுசு' என்று பத்தி எழுதுவது அவள் பிழைப்பு. நிறையை எழுதும்போது கஞ்சம், குறையை எழுதும்போது கொடை வள்ளல் என்று ஆசிரியர் கிண்டல் செய்வார். இந்த மாதம் அவர் அவள் தலையில் கட்டியது, ஸ்மார்ட்வாட்ச் என்ற பேரே பலருக்குத் தெரியாத காலத்தில் வந்த ஒரு கடிகாரம்.

"கடிகாரத்தோட சொந்தக்காரம்மா தவறிட்டாங்க," என்று நேற்று போனில் சொல்லியிருந்தார். "தனியா இருந்தவங்களாம். மூணு நாள் கழிச்சுதான் கதவை உடைச்சிருக்காங்க. கடிகாரம் கையிலேயே இருந்துச்சாம். அதோட ஜோடி போனைத்தான் எங்க தேடியும் காணோமாம். நீ உன் போனோட சேத்துக்கோம்மா."

"நல்லவேளை, நான் சாப்பிட்டு முடிச்சப்புறம் சொன்னீங்க சார்," என்றாள் அவள். அப்புறம் கடிகாரத்தின் வாரை, பஞ்சில் மருந்து தொட்டு, நாலு தடவை துடைத்தாள்.

ஜன்னலோரம் மிச்சமிருந்த வெளிச்சத்தில் நோட்டுப் புத்தகம் திறந்திருந்தது. நிறை: பைக்குள் இருக்கும் போனைத் துழாவாமலே யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிடலாம், வேண்டாதவர் என்றால் நிம்மதியாக எடுக்காமல் இருக்கலாம். குறை: வந்த செய்தியில் முதல் வரிதான் தெரியும், பதில் அனுப்ப வழியில்லை. மூன்று முறை குத்தினால்தான் திரை அசையும். பொழுது சாய்வதற்குள் பேட்டரி கையை விரித்துவிடும். அதிர்ந்தால் அடுத்த வீட்டுக்கே கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே ஒரு போனோடுதான் சேரும். அந்தப் போனை விட்டுப் பன்னிரண்டு தப்படி நகர்ந்தால் இணைப்பு அறுந்துவிடும். அறுந்தால் இரண்டு நீள அதிர்வு. சேர்ந்தால் ஒரே ஒரு குட்டை அதிர்வு.

கையேட்டை நம்பி எழுதுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. ரயில்பெட்டி போல நீண்ட வீடு அது. நேற்று போனை மேசையில் வைத்துவிட்டு, கடிகாரத்தோடு நடந்து, அறுந்த இடங்களில் மகளின் சாக்பீஸால் தரையில் கோடு போட்டிருந்தாள். ஒரு கோடு பால்கனிக் கதவடியில். இன்னொன்று எதிர்த்திசையில், கடைசி அறையின் ஜன்னலடியில். இரண்டு பக்கமும் அச்சடித்த மாதிரி பன்னிரண்டு.

இன்று போனே உயிரோடு இல்லாதபோது 'இணைப்பில் உள்ளது' என்றால் திரை உறைந்துபோயிருக்க வேண்டும். ஆறாவது குறை கிடைத்த சந்தோஷத்தில் அவள் எழுந்தாள். பால்கனிப் பக்கம் ஒரு தப்படி வைத்தாள். இரண்டு. கடிகாரம் நீளமாக உறுமியது. மறுபடி ஒரு முறை.

அறுந்துவிட்டது.

அவள் அப்படியே நின்றாள். ஒரு தப்படி பின்னால் வைத்தாள். குட்டையாக ஒரு அதிர்வு. சேர்ந்துவிட்டது. அப்படியென்றால் திரை உறையவில்லை. எதனோடோ சேர்ந்துதான் இருக்கிறது. அது மேசையில் இருக்கும் போன் இல்லை.

அக்கம்பக்கத்து வீட்டுப் போனாக இருக்கும் என்று மனசுக்குச் சப்பைக்கட்டு கட்டப் பார்த்தாள். ஒரே போனோடுதான் சேரும் என்று அவளே எழுதியிருந்தது நோட்டில் இருந்தது. குனிந்து, அறுந்த இடத்தில் புதுக் கோடு போட்டாள். பிறகு அந்தக் கோட்டில் குதிகாலை வைத்து, எதிர்த்திசையில் எண்ணிக்கொண்டே நடந்தாள். மேசையைத் தாண்டினாள். ஐந்து. நடையில் ஈரத் துணியின் வாசனை. எட்டு, குளியலறையில் சொட்டுகிற குழாய். பத்து, கடைசி அறையின் நிலை. பன்னிரண்டாவது தப்படியில் அவள் முழங்கால் மகளின் கட்டிலில் இடித்தது.

ஏழு வயது வாண்டு காய்ச்சலில் மூன்று நாளாகப் படுத்த படுக்கை. அப்பாவுக்கு வெளியூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அதுவரை இந்தக் குழந்தைக்கு அவள் ஒருத்திதான்.

சத்தம் போடாமல் தேடினாள். தலையணைக்கு அடியில், மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில், கட்டிலுக்குக் கீழே, பொம்மைக் கூடையில், அலமாரியில் மடித்த துணிகளுக்குள். போன் என்று சொல்ல ஒன்றுமில்லை. நீண்ட நாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே ஒரு வாடை, அதுமட்டும் இருந்தது. காலையில் ஜன்னலைத் திறந்துவைத்தது அவள்தான். இப்போதும் திறந்தே இருந்தது.

வாண்டு கட்டிலின் வெளிவிளிம்பில், விழுந்துவிடுகிற மாதிரி, ஒருக்களித்துக் கிடந்தாள். சுவரோரப் பாதி முழுக்கக் காலி. மகளை உள்ளே நகர்த்திப் படுக்க வைக்கலாம் என்று அவள் அந்தப் பக்கம் முழங்காலை ஊன்றினாள்.

"அங்க வராதம்மா," என்றாள் வாண்டு, கண்ணைத் திறக்காமல்.

"ஏன் கண்ணு?"

"அங்க இடமில்ல."

ஊன்றிய முழங்காலை அவள் எடுத்துக்கொண்டாள். காய்ச்சல் உளறல். காய்ச்சலில் குழந்தைகள் எதையாவது சொல்லும். கடிகாரத்தின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்து, 'எல்லாவற்றையும் அழி' என்ற வரியைக் குத்தினாள். ஒருமுறை. இருமுறை. மூன்றாம் முறை திரை அணைந்தது. யாரோடும் எந்த உறவும் இல்லாத புதுக் கடிகாரமாக அது மெல்ல விழித்தது.

குட்டையாக ஒரு அதிர்வு.

சேர்ந்துவிட்டது.

மகளைப் போர்வையோடு வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நடை. மேசை. சற்றுமுன் போட்ட சாக்பீஸ் கோடு தெரிந்தது. அதைத் தாண்டினால் அறுந்துவிடும். அந்தக் கட்டிலில் என்ன இருந்தாலும் அது அங்கேயே நின்றுவிடும். தாண்டினாள்.

உறுமவில்லை.

மூன்று தப்படி. ஐந்து. பால்கனிக் கதவு வரைக்கும் போய்விட்டாள். 'இணைப்பில் உள்ளது.'

வாசல் கதவைத் திறந்தவள் அதைச் சாத்தக்கூட நிற்கவில்லை. செருப்பில்லாத காலோடு படியிறங்கினாள். மூன்று மாடி. இருட்டுப் படிகள். ஒவ்வொரு திருப்பத்திலும் மணிக்கட்டைப் பார்த்தாள். இணைப்பில். இணைப்பில். மகளின் மூச்சு கழுத்தில் சுட்டது. கீழே யாருமில்லை. மேலேயும் காலடிச் சத்தம் எதுவுமில்லை. இணைப்பில்.

கேட்டருகே தகரத் தபால் பெட்டி. அங்கே வந்ததும் அவளுக்குப் புத்தி வேலை செய்தது. அது வந்தது கடிகாரத்தோடு. கடிகாரத்தைத்தான் தொடர்கிறது. பல்லால் வாரை இழுத்து, கொக்கியைப் பிய்த்து, கடிகாரத்தைப் பெட்டியின் வாய்க்குள் போட்டாள். தகரத்தில் விழுந்து ணங்கென்றது.

"உன் பொருள். நீயே வெச்சுக்கோ," என்றாள். யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

தெருமுனை மருந்துக் கடையில் மட்டும் ஜெனரேட்டர் விளக்கு எரிந்தது. அதைப் பார்த்து நடந்தாள். மழை நின்றிருந்தது. எண்ண வேண்டாம் என்று நினைத்தாள், கால் எண்ணியது. ஆறு. ஏழு. மூச்சு கொஞ்சம் சீரானது. பத்து. கடைக்காரரிடம் போன் வாங்கி மகளின் அப்பாவைக் கூப்பிட வேண்டும். பதினொன்று. இனி அந்த வீட்டுக்குப் போகவே வேண்டாம். பன்னிரண்டு.

பின்னால், தகரப் பெட்டிக்குள், கடிகாரம் நீளமாக உறுமியது.

இன்னொரு முறை.

அறுந்துவிட்டது. அவள் புரிந்துகொள்ள விரும்பவில்லை, ஆனாலும் புரிந்தது. பெட்டியின் பக்கத்தில் இப்போது எதுவும் இல்லை.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. நடந்தாள். மருந்துக் கடையின் கண்ணாடிக் கதவு நெருங்கியது. அதில் அவள் தெரிந்தாள். தோளில் வாய் திறந்து தூங்கும் மகள். மகளின் இடது கை அம்மாவின் கழுத்தைக் கட்டியிருந்தது. வலது கை தொங்கவில்லை. பின்பக்கம் நேராக நீண்டிருந்தது, விரல்கள் யார் கையையோ இறுகப் பற்றிய மாதிரி மடங்கியிருக்க, அவள் வேகத்தைக் கூட்டக் கூட்ட முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு.