சுவருக்கு வெளியே

இவ்வளவு பழைய மை விரலில் ஒட்டாது. என் கைதான் வியர்த்திருக்கிறது. மழைக்கு முந்தைய புழுக்கம், வேறொன்றுமில்லை.

அப்படி எண்ணிக்கொண்டே, பழைய பதிவேட்டை விரித்துவைத்திருந்த டீச்சர் விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். கறை போகவில்லை.

சிற்றாலயத்துக்கு நூறு வருஷம் நிறைகிறது. விழா மலருக்கு அதன் சரித்திரத்தை எழுதும் வேலையைப் பங்குச் சாமியார் அவளிடம் கொடுத்திருந்தார். "நாலு பக்கம் போதும் டீச்சர். ஆயர் மூணாவது பக்கத்துலயே தூங்கிடுவாரு," என்று சிரித்தவர், வாசல்வரை போய்த் திரும்பிநின்று, "அந்தக் கோடுங்க மட்டும் வேணாம்மா. சந்தோஷமான மலர் பாருங்க," என்றார்.

கோடுகள் ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில் இருந்தன. மிஷன் தொடங்கிய காலத்தில் இங்கே தங்கியிருக்கும் குரு கிடையாது. ஆற்றுக்கு அப்பாலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்லி, மணியடித்து, பிணத்துக்கு முன்னால் சிலுவை பிடித்துப் போனவர் ஓர் உபதேசியார். பிறந்த குழந்தை மூச்சுக்குத் திணறினால், செம்பில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஆற்றுப் பாதையைப் பார்த்தபடியே நிற்பாராம். ஆபத்து நேரத்தில் யார் கையாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று திருச்சபையில் சட்டம் உண்டு. அதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லையோ, சொன்னபோதும் தன் கை அதற்கு ஆகாது என்று நினைத்தாரோ, தெரியவில்லை. குரு வருவதற்குள் ஞானஸ்நானம் இல்லாமலே போய்விட்டவர்களைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். பெயர் கிடையாது. ஆளுக்கு ஒரு கோடு. மொத்தம் பதினொன்று.

உபதேசியார் போய் அறுபது வருஷம் கழித்தும், 'சாமியார் வரட்டும்' என்ற பேச்சு மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. டீச்சரின் மகள் நாற்பது நிமிடம் உயிரோடு இருந்தாள். சாமியாரின் மோட்டார் சைக்கிள் சத்தம் வாசலில் கேட்டபோது குழந்தையின் பாதங்கள் குளிர்ந்திருந்தன. அவளையும் சுவருக்கு வெளியேதான் வைத்தார்கள். மூன்று வருஷம் கழித்து, மறைக்கல்வி ஆசிரியர்களுக்கான வகுப்பொன்றில், கொட்டாவிக்கும் டீக்கும் நடுவே, அந்தச் சட்டத்தை யாரோ வாசித்தார்கள். அன்று அவள் டம்ளரைக் கீழே வைக்க மறந்து மாலைவரை கையிலேயே பிடித்திருந்தாள்.

மகளுக்கு அவள் யோசித்துவைத்திருந்த பெயரைக் கணவனிடம்கூடச் சொன்னதில்லை. இன்று சிற்றாலயத்துக்கு வந்ததே பன்னிரண்டாவது கோட்டைப் போடத்தான். பேனாவைத் திறந்து, ஓரத்தை எண்ணிக்கொண்டே வந்து, நின்றாள்.

பன்னிரண்டு இருந்தன. கடைசிக் கோடு ஈரமாக இருந்தது.

"அண்ணி." வாசலில் நாத்தனார், மடக்கிய குடையுடன். "இருட்டிக்கிட்டு வருது. இன்னும் அதுங்களையா எண்ணிக்கிட்டிருக்கீங்க?"

"இதுல நீ ஏதாவது எழுதினியா?"

"நானா? கையெழுத்துப் போடவே எனக்கு முகூர்த்தம் பார்க்கணும்." சிரிப்பு பாதியில் நின்றது. நாத்தனார் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அன்னைக்கு செம்பு என் கையிலதான் இருந்துச்சு அண்ணி. சாய்ச்சிருந்தா போதும்."

"விடு."

"ஊத்தலாமான்னு நீங்க கேட்டீங்க. நான்தான் ஃபாதர் வரட்டும்னேன்."

"விடுன்னு சொல்றேன்ல. நீ போ, நான் வரேன்."

குடையை வைத்துவிட்டு அவள் போன பிறகு மழை இறங்கியது. ஓட்டின்மேல் விழுந்த மழையின் இரைச்சலுக்கு அடியில், வேறொரு தண்ணீர்ச் சத்தம், ஒரே சீராக, துளித் துளியாக, பின்பக்கம் இருந்த ஞானஸ்நானக் கல்தொட்டியிலிருந்து வந்துகொண்டிருப்பதை டீச்சர் வெகுநேரம் மழையின் ஒரு பகுதியாகவே எண்ணியிருந்தாள். அந்தத் தொட்டியில் யாரும் தண்ணீர் ஊற்றிப் பல வருஷமாகிறது. ஆற்றுச் சேற்றின் வாடை வந்தது. நனைந்து காயாத துணியின் வாடை. அதற்கும் உள்ளே, மெலிதாக, அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. கட்டிப்போன தாய்ப்பாலின் வாடை.

பதிவேட்டில் முதல் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெயர் ஊறி எழும்பியது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

தொட்டியருகே ஒருவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். முழங்கால்வரை சேறு. கையில் ஒரு துணிப் பொதி. அவர் குனிந்து எதையோ கேட்டார். காலியான பெஞ்சுகளில் ஒன்றிலிருந்து ஒரு பெண் குரல் ஒரு பெயரைச் சொன்னது. தண்ணீர் விழுந்தது. பொதி தளர்ந்தது. வெறுந்துணியாகத் தரையில் சரிந்தது. அந்தப் பெண் அழத் தொடங்கினாள். பிள்ளையை வழியனுப்பிய அழுகை.

அடுத்த பொதி. அடுத்த குரல்.

டீச்சரால் எழுந்திருக்க முடியவில்லை. பெஞ்சுகளில் யாரும் தெரியவில்லை. அழுகை மட்டும் ஒவ்வொன்றாகக் கூடியது. தரையில் துணிகள். ஏழு. ஒன்பது. பதினொன்று.

பிறகு அவர் திரும்பினார்.

வயதான, களைத்த முகம். கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், ஆற்றுப் பாதை இருந்த திசையைப் பார்த்தன. பன்னிரண்டாவது பொதியை அவள் மடியில் வைத்தார்.

கனத்தது. ஈரமண்ணின் கனம். குளிர் புடவையைத் தாண்டி வயிற்றுக்குள் இறங்கியது. அவள் துணியை விலக்கினாள்.

நெற்றி அவள் கணவனுடையது. இமை மயிர்களில் மண். மூடிய கண்கள். வாய் மட்டும் அசைந்தது. தேடியது. ரவிக்கைமேல் வந்து பற்றியது. குளிர்ந்த, மண் நிறைந்த வாய். விடவில்லை.

அவர் கையைத் தொட்டியில் முக்கி எடுத்தார்.

"பேரைச் சொல்லுங்கம்மா," என்றார் உபதேசியார். "நான் ஊத்திடுறேன். இந்தத் தடவ யாருக்காகவும் நிக்க வேணாம்."

"ஊத்தினா?"

"போயிடும். பாவம், ரொம்ப நாளா காத்துட்டிருக்கு."

பெயர் நாக்கின் நுனியில் இருந்தது. இரண்டே எழுத்து. தரையில் பதினொரு துணிகள் தட்டையாகக் கிடந்தன. மடியில் கனம். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு இவ்வளவு வருஷம் கழித்து, கனம். மார்பில் ஏதோ சுரந்தது. வலித்தது. கீழே பார்த்தாள். ரவிக்கையில் கறுப்பாகப் படர்ந்தது. அந்த வாய் விழுங்கியது. மறுபடி விழுங்கியது.

அவருடைய உள்ளங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பெஞ்சுகளில் அழுகை நின்றுவிட்டது. எல்லோரும் கேட்கக் காத்திருந்தார்கள்.

அவள் துணியை இழுத்து அந்தத் தலையை மூடினாள்.

"மாட்டேன்," என்றாள், குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிடாதபடி, மெல்ல.